கர்ச்சீப் கட்டிய குழாய்

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆபீஸில் ரூம் ஹீட்டர் பார்த்தேன்.

ஆமாம், ஹீட்டர்தான். குளிருக்குப் போட்டுக்கொள்வது. ஊட்டியில் இல்லை, கொடைக்கானலில் இல்லை. தொழிற்பேட்டைக்குள்ளே, மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில், மேஜைக்கு அடியில் செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு அம்மா ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே ஏசி. பதினெட்டு என்று காட்டியது.

“ஏம்மா, ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமே?”

“ரிமோட்டு எம்.டி. ரூம்ல கீதுங்க. அவரு கோட்டு போட்டுக்கினு உக்காருவாரு. அவருக்கு இதுவே பத்தல” என்றார் அந்த அம்மா, கையை ஹீட்டரில் காட்டிச் சூடுபடுத்திக்கொண்டே.

புரிகிறதா? ஒருவர் கோட்டு போடுவதற்காக ஏசி. அந்த ஏசியைத் தாங்குவதற்காக ஹீட்டர். இரண்டுக்கும் கரன்ட். வெளியே வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொள்கிறது!

அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம் வேறு. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண் நஸ்ரின். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரக் குடும்பம். வீட்டில் முதல் இன்ஜினீயர் அவள்தான். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் வேலை. வீடுகள் தவிர்த்த மற்ற கட்டடங்களில்... அதாவது ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல், கடை, ஃபேக்டரி... சூடாக்கவும் குளிர்விக்கவும் எவ்வளவு தேவை இருக்கிறது என்று கணக்கெடுக்கிற சர்வே. திருவள்ளூர் மாவட்டத்தில் அவளுக்கு ஒரு பகுதி.

“நீயும் வாயேன்க்கா. ஊட்ல உக்காந்துக்கினு எதை எழுதுவே?” என்றாள். போனேன். மூன்று நாள் சுற்றினோம்.

அவள் கையில் ஒரு டேப்லெட். அதில் ஒரு ஃபார்ம். ஏசி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ‘ஆம்’ என்றால் அதற்குப் பின்னால் வரிசையாகக் கேள்விகள் வரும். எத்தனை டன், எந்த வருஷம் வாங்கியது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள், சர்வீஸ் செய்வது யார்... ஒரு மணி நேரம் ஆகிவிடும். ‘இல்லை’ என்று தொட்டால்? மற்ற எல்லாக் கேள்வியும் மறைந்துவிடும். கடைசியில் ஒரு வரி மட்டும் தானாக வந்து நிற்கும்.

குளிர்ச்சித் தேவை: 0.

முதல் நாள் திருவள்ளூரில் ஒரு ஸ்கேன் சென்டர். உள்ளே மெஷின் இருக்கும் அறையில் போர்வை போர்த்திப் படுக்க வைக்கிறார்கள். அந்த அறைக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினாள் நஸ்ரின். வெளியே காத்திருக்கும் ஹாலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரிப்போர்ட் ஃபைலால் விசிறிக்கொண்டு, முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலுக்கு ஏசி இல்லை. பூஜ்யம்.

அடுத்து கடம்பத்தூர் பக்கம் ஒரு நர்சரி ஸ்கூல். மேலே தகர ஷீட். யு.கே.ஜி. குழந்தைகள் சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொண்டிருந்தன. டீச்சர் மூஞ்சியைத் துடைத்துத் துடைத்துப் பவுடரெல்லாம் துண்டில் இருந்தது. அங்கே இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது.

“ஜீரோ வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்க்கா” என்றாள் நஸ்ரின்.

கவனித்தீர்களா? ஏற்கெனவே குளுகுளுவென்று இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் விசாரிக்கிறார்கள். வெந்துபோகிற இடத்தில் இரண்டு நிமிஷம். யார் வீட்டில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார்கள் என்று எண்ணிவிட்டு, குடிக்கத் தண்ணீரே இல்லாத வீட்டுக்கு ‘இங்கே யாருக்கும் தாகமில்லை’ என்று எழுதுகிற மாதிரி.

அப்போது இதை நான் நஸ்ரினிடம் சொல்லவில்லை. இப்படியெல்லாம் அப்போது தோன்றவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த மூன்று நாளும் வெயிலில் தலைவலி. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான் இருந்தது.

மூன்றாவது நாள்தான் அந்த ஹீட்டர் ஆபீஸ். ‘ஹீட்டிங் தேவை: உண்டு’ என்று முறையாகப் பதிவானது. அங்கிருந்து பக்கத்துத் தெருவில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரிக்குப் போனோம். மருந்து பாட்டில் மூடி செய்கிற இடம். பெயர் வேண்டாம். அந்தப் பேட்டையில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டில், அதாவது இரும்பு அச்சில், அடிக்கிறார்கள். மோல்டு சட்டென்று ஆறினால்தான் அடுத்த மூடி வரும். அதற்காக ஒரு சில்லர் மெஷின், அதிலிருந்து ஜில்லென்ற தண்ணீர் போகிற குழாய்... ஷெட் முழுக்க ஓடுகிறது. மூடி விழுந்ததும் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவி எடுப்பது பெண்கள். முப்பத்திநாலு பேர். தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ். பக்கத்தில் கொதிக்கிற மெஷின். ஃபேன் போடக் கூடாது. போட்டால் தூசி பறந்து மூடிக்குள் ஒட்டிக்கொள்ளுமாம்.

இரும்புக்கு ஐஸ் தண்ணீர். பொம்பளைக்கு ஃபேன்கூடக் கிடையாது.

அங்கேதான் அந்தக் குழாயைப் பார்த்தேன். சில்லரிலிருந்து வரும் குழாயில், இடுப்பு உயரத்தில், ஒரு பத்தடி தூரத்துக்கு வரிசையாகக் கர்ச்சீப் கட்டியிருந்தது. ரோஸ், மஞ்சள், பூப்போட்டது, ஆம்பிளைக் கர்ச்சீப், கிழிந்த தாவணித் துண்டு... ஏதோ கோயில் மரத்தில் வேண்டிக்கொண்டு கட்டியதைப் போல.

“இது என்னம்மா?”

மெஷின் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் சிரித்தாள். பெயர் தேவகி. ஆரணியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். வயிறு தெரிந்தது. ஆறாம் மாசம் என்றாள்.

“கொயா வேர்க்கும்க்கா. அந்தத் தண்ணியில துணி நனைஞ்சி ஜில்லுனு ஆயிடும். ஆளுக்கு ரெண்டு கர்ச்சீப்பு. ஒண்ணு கய்த்துல, ஒண்ணு கொயாவுல. கய்த்துல இருக்கறது சூடாச்சினா மாத்திக்குவோம்” என்று தன் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினாள்.

“உங்களுது எது?”

சில்லரை ஒட்டி முதலாவதாகக் கட்டியிருந்ததைக் காட்டினாள். பச்சைக் கரை போட்டது. அங்கேதான் குழாய் ரொம்ப ஜில்லென்று இருக்குமாம். அந்த முதல் இடத்துக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவள் துணிக்குத்தான் அந்த இடம். ஜுரம் வந்து எழுந்தவள், வீட்டுக்குத் தூரமானவள், பிள்ளைத்தாச்சி. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. காலையில் ஷிஃப்ட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் தங்கள் துணியைத் தள்ளிக் கட்டிவிட்டு இடம் விட்டுவிடுவார்கள். நாலு மாசமாக அது தேவகியின் இடம்.

எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். “எனக்கும் அனுப்புக்கா, ஃபார்ம்ல போட்டோ கேக்குது” என்றாள். அனுப்பினேன்.

கிளம்பும்போது தேவகி கேட்டாள். “எய்திக்கினு போறீங்களே, எங்களுக்கு எதுனா பண்ணுவாங்களாக்கா?”

“நிச்சயம் பண்ணுவாங்கம்மா” என்றேன். யாரைக் கேட்டுக்கொண்டு சொன்னேன்? தெரியாது. என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பண்ணினார்கள்.

போன சனிக்கிழமை தேவகி போன் செய்தாள். “நீங்க வந்துட்டு போனதுக்கு அப்பறம் கொயா முச்சூடும் கருப்பு ஸ்பாஞ்சு சுத்திட்டாங்கக்கா. மேல டேப்பு ஒட்டி, கிளிப்பும் போட்டாங்க. துணியெல்லாம் அவுத்து சாக்குல கட்டி செக்யூரிட்டி ரூம்ல வெச்சிட்டாங்க.”

வியாழக்கிழமை மதியம் அவள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சூப்பர்வைசர், பிரசவம் முடிகிற வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எட்டாம் மாசம் வரைக்கும் வேலை பார்ப்பது என்று இருந்தவள். விழுந்தவளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. விழ வைத்த சூடு அங்கேயேதான் இருக்கிறது. மீதி முப்பத்திமூன்று பேர் அதில்தான் நிற்கிறார்கள்.

“நான் கர்ப்பமா கீறதாலதான் விய்ந்தேன்னு சொல்றாங்கக்கா. மூணு நாளு முன்னாடி கர்ப்பமில்லாத பொண்ணுகூட விய்ந்திச்சி” என்றாள்.

திங்கட்கிழமை காலையிலேயே போய் நின்றேன். மேனேஜர் நல்ல மனுஷர். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். உட்கார வைத்தார், டீ சொன்னார். ஏசி அறையில் என் வேர்வை இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.

“ஏன் சார் அந்தக் குழாயை மூடினீங்க?”

“உங்களுக்குத்தான் மேடம் தேங்க்ஸ் சொல்லணும்” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். சர்வே ரிப்போர்ட். அதில் ஒரு காப்பி கம்பெனிக்கும் வருமாம். நடுவில் பெரிதாக ஒரு போட்டோ. என் போட்டோ. கர்ச்சீப் வரிசையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. பச்சைக் கரை போட்டது முதலில் தெரிந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: ‘உறை இல்லாத குழாய். குளிர் வீணாகும் இடம்.’

வீணாகும் இடம்!

முப்பத்திநாலு கழுத்துக்குப் போன குளிர் வீண். அந்த ஃபேக்டரியில் மனிதர்களுக்குக் கிடைத்த ஒரே குளிர் வீண். ஒரு மூடி ஆறுவதற்கு ஆனது பயன். ஒரு பிள்ளைத்தாச்சியின் கழுத்து ஆறியது நஷ்டம். இதை எழுதியவர் சென்னையில் எந்த டிகிரியில் உட்கார்ந்து எழுதினார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

“சார், அந்த ஷெட்டு எவ்வளவு சூடுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஏன் மேடம் தெரியாது? நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாலே சட்டை மாத்தறேன். கூரைக்கு வெப்பம் தடுக்கற ஷீட்டு, ஃபில்டர் போட்டுக் குளிர்காத்து விடற டக்டு, ரெண்டும் ரெண்டு வருஷமா கேட்டுக்கினுதான் கீறேன். சர்வே வரட்டும்னாங்க ஹெட் ஆபீஸ்ல. வந்துடுச்சு.” ஸ்கிரீனை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார். “நீங்களே பாருங்க.”

பிசிறு எடுக்கும் பகுதி. குளிர்ச்சித் தேவை: 0.

“ஜீரோவை வெச்சிக்கினு நான் இன்னா கேக்க முடியும்? எனக்கு ஒரு நம்பர் வேணும் மேடம்.”

அந்தப் பூஜ்யம் விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேனே... தலைவலிக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

வெளியே வரும்போது ஷெட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். குழாய் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. ஒரு சொட்டு வேர்க்கவில்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி பிளேடை எடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் நஸ்ரினிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பாவம், பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“நான் இன்னாக்கா பண்றது? ஃபார்ம் அப்டி. ஏசி இல்லைனா டிமாண்டு இல்லை. நானா செஞ்சேன் அதை?” என்றாள் நஸ்ரின். கண் கலங்கிவிட்டது. “குளிர் வீணாகும் இடம்னு நான் எய்தல. போட்டோ மட்டும்தான் வெச்சேன்.”

அதுதானே இந்த நாட்டில் எல்லாருடைய பதிலும்? ஃபார்ம் செய்தவர், நான் கேள்வி மட்டும்தான் செய்தேன் என்பார். ரிப்போர்ட் எழுதியவர், வந்ததை எழுதினேன் என்பார். குழாய்க்குச் சட்டை போட்டவர், ரிப்போர்ட்படி போட்டேன் என்பார். நான்? நான் போட்டோ மட்டும்தான் எடுத்தேன். யாருமே தப்பு செய்யவில்லை. தேவகி மட்டும் விழுந்துவிட்டாள்.

ஏசி வாங்க முடிந்தவனுக்குத்தான் புழுங்கும் என்று எந்த மடையன் கண்டுபிடித்தான்? நாளைக்கு இந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் கூட்டிப் பெரிய புத்தகமாகப் போடுவார்கள். கட்டடங்களின் குளிர்ச்சித் தேவை என்று கலர் கலராகப் படம் இருக்கும். கடம்பத்தூர் யு.கே.ஜி. குழந்தைகள் அதில் இருக்க மாட்டார்கள். ஸ்கேன் சென்டர் ஹால் இருக்காது. ஆனால் எம்.டி.யின் கோட்டு இருக்கும். அவருடைய அக்கவுண்ட்ஸ் அம்மாவின் ஹீட்டர் இருக்கும். கும்மிடிப்பூண்டி குளிரில் நடுங்குகிறது என்று நம் பேரன் பேத்திகள் படிப்பார்கள்.

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்தாள். திருத்தம் அனுப்ப வெள்ளிக்கிழமை வரை டைம் இருக்கிறது என்றாள். ‘ஏசி இருக்கிறதா?’ என்ற கேள்வியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யாக ‘ஆம்’ போட முடியாது, டன் கேட்கும். குறிப்பு எழுத இடமும் இல்லை. மேலும் கீழும் தள்ளிக்கொண்டே போனவள், ஒரு இடத்தில் விரலை நிறுத்தினாள்.

‘குளிர்ச்சி தேவைப்படும் உபகரணங்கள்.’ சில்லர் தண்ணீர் கேட்கிற மோல்டுகளை அவள் அன்றைக்குப் பதிந்திருந்த பக்கம்.

‘புதிதாகச் சேர்’ என்பதைத் தொட்டாள்.

உபகரணத்தின் பெயர்: ஆபரேட்டர், பிசிறு எடுக்கும் பகுதி.

எண்ணிக்கை: 34.

இயங்கும் வெப்பநிலை: 37 டிகிரி. நம் உடம்புச் சூடுதான்.

குளிர்ச்சி தடைப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கீழே நாலைந்து பதில்கள் இருந்தன. அதில் ‘உபகரணம் நின்றுவிடும்’ என்பதைத் தொட்டாள். அவள் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபார்ம் ஏற்றுக்கொண்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சிவப்பு எழுத்து வரவில்லை. பச்சையாக ஒரு டிக் போட்டது. கீழே, இத்தனை நாளாகப் பூஜ்யம் இருந்த இடத்தில், ஒரு நம்பர் வந்து உட்கார்ந்தது. குளிர்ச்சித் தேவை உண்டு, இத்தனை டன், அவசரம்.

மனுஷி என்று சொன்னபோது தேவை இல்லை. மெஷின் என்று சொன்னதும் அவசரம்.

எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நஸ்ரின் மட்டும் ‘அனுப்பு’ என்பதை அழுத்திவிட்டு, “ஹைவானுங்க” என்றாள். மிருகங்கள் என்று திட்டுவது. அவள் அம்மா அவள் தலையில் ஒரு தட்டு தட்டினார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

திருத்திய ரிப்போர்ட்டும் கம்பெனிக்குப் போனது. அந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அன்றிரவே ஹெட் ஆபீஸுக்கு எழுதிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த புதன்கிழமை சென்னையிலிருந்து ஒரு இன்ஜினீயர் வருகிறார். கூரைக்கும் டக்டுக்கும் அளவெடுக்க. குளிர்காற்று வந்ததும் முதல் வேலையாகத் தேவகியைக் கூப்பிடுகிறேன், எட்டாம் மாசம் வரை அவள் மெஷினில் நிற்கலாம் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். வாயால்தான் சொன்னார். நடக்குமா, நடக்காதா? அந்த இன்ஜினீயர் முப்பத்திநாலு மெஷினைத் தேடிவிட்டுப் பெண்களைப் பார்க்கும்போது என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது.

நேற்று அவரிடமிருந்து நஸ்ரினுக்கு ஒரு மெயில். வருவதற்கு முன்னால் சில விவரம் வேண்டுமாம். இந்த முப்பத்திநாலு உபகரணங்களும் எந்தக் கம்பெனி மேக்? வாரண்டி இருக்கிறதா?

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் தேவகிக்கு போன் போட்டேன். இந்த நாலு நாளில் நடந்ததை எல்லாம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, அந்த மெயிலைப் படித்துக் காட்டினேன். கோபப்படுவாள், அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவளோ நிதானமாகச் சொன்னாள்.

“வாரண்டி இல்லைனு போடச் சொல்லுக்கா. ஸ்பேரும் கெடிக்காதுன்னு சேத்து எய்தச் சொல்லு.”